தேதி போடாத கையெழுத்து

பெரம்பலூர்ப் பக்கம் பாடாலூரில் ஒருவர் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினால் அந்த வண்டிக்கு நாலு சொந்தக்காரர்கள் இருப்பார்கள். ஆர்.சி. புக்கில் பெயர் உள்ளவர் ஒருவர். டியூ பாக்கிக்கு உரிமை கொண்டாடும் ஃபைனான்ஸ் கம்பெனி ஒன்று. சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருக்கும் புரோக்கர் மூன்றாமவர். நோட்டை எண்ணிக் கொடுத்துவிட்டு ஓட்டிப் போகிறவர் நாலாமவர். இந்த நால்வரில் காசு கொடுத்தவருக்கு மட்டும்தான் வண்டியின் மேல் எந்த உரிமையும் கிடையாது. அப்படிச் சொல்லிவிடவும் முடியாது, பெட்ரோல் போடும் உரிமை அவருக்கே உண்டு.

யார் அவர்? சின்ன வெங்காயம் போட்டு விலைக்காகக் காத்திருப்பவர். கல்குவாரிக்கு வேலைக்குப் போகிறவர். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்ட் கூலி. ஷிஃப்ட் நேரத்துக்குப் பஸ் கிடையாது, புது வண்டிக்கு வக்கும் கிடையாது. ஆகவே நெடுஞ்சாலை ஓரத்து ஆட்டோ கன்சல்டிங் கடையில் போய் நிற்கிறார்.

“அண்ணே, பேப்பரெல்லாம் கிளியர்ணே. ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் ஓனர் கையெழுத்து வாங்கி வச்சிருக்கேன்.”

“பேரு எப்பப்பா மாத்துறது?”

“எப்ப வேணா மாத்திக்கலாம்ணே. அதான் தேதி போடாம வாங்கியிருக்கேன்ல.”

அந்தக் காலிக் கட்டத்தில்தான் இந்த வியாபாரத்தின் மூளை இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவு, மாநிலத்துக்குள் வண்டியை விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. விற்ற தேதியே இல்லாவிட்டால் பதினாலாவது நாள் எங்கிருந்து வரும்? விஞ்ஞானிகள் காலத்தை நிறுத்தும் வழியைத் தேடிக்கொண்டே இருக்கட்டும். நம் ஊர் கன்சல்டிங் கடைக்காரர் அதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்.

ஆர்.சி.யில் உள்ளவர் செத்தே போயிருந்தாலும் கவலையில்லை. வாரிசுகள் 30 நாளில் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் தங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இருக்கட்டும். ஆள் போனாலும் கையெழுத்து சாகவில்லையே! பதினாறாம் நாள் காரியம் முடிந்த வீட்டுக்கு, அமரர் ஹெல்மெட் அணியாமல் பைபாஸில் போனார், 1000 ரூபாய் அபராதம் கட்டவும் என்று செல்லான் வரும். அரசாங்கத்தின் கேமராவுக்கு மறுபிறவியில் நம்பிக்கை உண்டு.

இதைச் சிரிப்பாகவே விட்டுவிடலாம், விபத்து என்ற ஒன்று இல்லாவிட்டால். விற்று, கை மாறி, மறுபடியும் கை மாறிப் போன ஒரு கார் 2009இல் மோதி ஓர் உயிர் போனது. இழப்பீட்டைக் கொடுப்பது யார் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 பிப்ரவரி 6 அன்று மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: புத்தகத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு. வண்டியை யார் யாருக்கு விற்றார் என்று பாதிக்கப்பட்ட குடும்பம் துப்பறிந்துகொண்டு அலைய முடியாது என்றார்கள். நியாயம்தான். செத்தவரின் குடும்பத்துக்குப் பதில் சொல்ல ஒரு பெயர் வேண்டும்.

ஆனால் எந்தப் பெயர்? விற்றவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வாங்கியவர் போடுவார். ஃபைனான்ஸ் கம்பெனி தவணைக் கடன் (ஹெச்.பி.) ரத்துக்கு 35ஆம் படிவத்தில் முத்திரை குத்த வேண்டும். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிய மனிதரின் பெயர் மட்டும் எந்தப் படிவத்திலும் இல்லை. வண்டியால் லாபம் பார்த்தவர் அவர். வண்டிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை.

இந்த ஓட்டையை அரசாங்கம் பார்க்கவில்லை என்று பழி சொல்லக் கூடாது. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு விதியையே திருத்தியது. பழைய வண்டி விற்பவர் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் வாங்க வேண்டும். உரிமையாளர் வண்டியை அவரிடம் ஒப்படைத்து இணையத்தில் தெரிவித்துவிட்டால், அடுத்தவருக்குப் போகும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார், பொறுப்பும் அவருடையது. வண்டி எதற்காக வெளியே போனது என்று பதிவேடும் வைக்க வேண்டும். அருமையான விதி. அமலுக்கு வந்த நாள் 2023 ஏப்ரல் 1. தேதியைத் தேர்ந்தெடுத்த அதிகாரி தீர்க்கதரிசி.

நம்பாதவர்கள் எந்த ஊர்க் கன்சல்டிங் கடையிலாவது நுழைந்து அங்கீகாரச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

வண்டி திருட்டு வண்டியாக இருந்தால் கதை இன்னும் விசேஷம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. “இவ்வளவு மலிவா கொடுத்தப்பவே உனக்குத் தெரியலையா?” என்ற கேள்வி கூலிக்காரரைப் பார்த்துத்தான் வரும். வண்டி ஸ்டேஷனுக்குப் போகும். பிடிபட்ட வண்டிகளைப் பதினைந்து நாள், மிஞ்சினால் ஒரு மாதத்துக்கு மேல் காவல் நிலையத்தில் போட்டு வைக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2002இல். அதைச் சொன்ன பிறகு அங்கே முளைத்த வேப்பங்கன்றுகள் இன்று வண்டிகளுக்கு நிழல் கொடுக்கின்றன. பறிகொடுத்தவருக்கும் வண்டி இல்லை, பணம் கொடுத்தவருக்கும் இல்லை. சட்டம் தன் கடமையைச் செய்து முடித்தது.

இவ்வளவுக்கும் பிறகு நமக்குக் கிடைப்பது அறிவுரை. ஆர்.சி.யைச் சரி பாருங்கள், சேஸிஸ் நம்பரை ஒப்பிடுங்கள், ஃபைனான்ஸ் என்.ஓ.சி. கேளுங்கள், இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்றுங்கள். எல்லாம் சரி. ஆனால் பெயர் மாற்ற ஓ.டி.பி. போய்ச் சேருவது துபாயில் இருக்கும் பழைய ஓனரின் செத்துப்போன நம்பருக்கு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பெரம்பலூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகிறவர் “ஓனர் நேர்ல வரணும்” என்ற ஒரு வரியோடு திரும்ப வேண்டும். படித்த ஊரே தடுக்கி விழும் இந்தப் படிவக் காட்டில், வெங்காயக்காரருக்கு மட்டும் ஜாக்கிரதை வேண்டுமாம்!

ஏமாறுகிறவனுக்குப் பாடம் நடத்துவது போதும், ஐயா. ஏமாற்றுகிற கடை இருட்டுச் சந்தில் இல்லை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், பெயர்ப் பலகை வைத்து, சீரியல் லைட் போட்டு, வரிசையாக வண்டி நிறுத்தி நடக்கிறது. ஹெல்மெட் போடாதவனைப் பிடிக்க அதே சாலையில் வெயிலில் நாள் முழுக்க நிற்க முடிகிறது. பத்தடி தள்ளி இருக்கும் கடைக்குள் போய், “உன் அங்கீகாரம் எங்கே? டிராயரைத் திற, தேதி போடாத படிவம் எத்தனை?” என்று கேட்க மட்டும் கால் வராதா? கூலிக்காரன் பெயருக்கு நிமிஷத்தில் செல்லான் அடிக்கும் அந்த மெஷினில், கடைக்காரர் பெயரை அடிக்க மட்டும் எழுத்து இல்லையா?