பின் சீட்டு காலி

பண்ணாரி சோதனைச்சாவடியில் வரிசைகட்டி நிற்கும் கார்களில் இவர்களுடையதைக் கண்டுபிடிப்பது எளிது. உள்ளே இரண்டே பேர், இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. ஸ்பீக்கரில் மட்டும் யானைக்குட்டிப் பாட்டு. கோயம்புத்தூரில் சாவியைத் திருகியதும் தானாக ஆரம்பித்த பாட்டு அது. அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம் எல்லாம் தாண்டியும் மாற்றவேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

பிள்ளைகளை அப்புச்சி வீட்டில் விட்டுவிட்டு, "ரெண்டு நாள் நாம மட்டும்" என்று கிளம்புகிற தம்பதி இவர்கள். சாக்கு, பெரும்பாலும் கல்யாண நாள். ஊட்டி ஆகாது. அங்கே தெரிந்த முகம் ஒன்று எதிரே வந்து, "குழந்தைக எங்கீங்க?" என்று கேட்டுவிடும். மைசூர் தோது. ஏறத்தாழ 200 கிலோமீட்டர், வேற்று மாநிலம், வேற்று மொழி. அதேசமயம், தம்பிக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் பொழுதுக்குள் வீடு சேர்ந்துவிடலாம். இந்தக் கணக்கை இருவரும் தனித்தனியே போட்டிருப்பார்கள். ஒருவருக்கொருவர் சொல்லியிருக்கமாட்டார்கள்.

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவிலேயே மனைவி கைப்பையிலிருந்து பாலிதீன் கவரை எடுத்து, வாயை விரித்துப் பிடித்துக்கொள்வார். பதினொன்றாவது வளைவில்தான் அவருக்கே உறைக்கும்.

"ஏனுங்க, இப்ப யாரு வாந்தியெடுக்கப் போறாங்கன்னு இதைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கேன்?"

கணவர் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்ப்பார். காலி. இருந்தாலும் கவர் மடிக்கப்பட்டுக் கைப்பைக்கே திரும்பும். எதையும் தூக்கிப்போடுகிற சாதி இல்லை இவர்கள்.

மைசூரில் முதல் வேலை மைலாரி தோசை. கைக்கு அடக்கமாக, மெத்தென்று, மேலே வெண்ணெய் உருகிக்கொண்டு வரும். "நாலு தோசை, ரெண்டுல காரம் வேண்டாம்" என்று கணவர் சொல்லி முடித்தபிறகுதான் திருத்துவார். தட்டு வந்ததும் சின்னச் சின்னதாகப் பிய்த்து, ஊதி, ஆறவைத்து மனைவி பக்கம் தள்ளுவார். கேலி செய்ய வாயெடுத்த மனைவிக்குக் காபி நாக்கைச் சுட்டுவிடும். ஒன்பது வருடமாக ஆறிப்போன காபியையே ஒரே மடக்கில் குடித்துப் பழகியவர். இது சூடாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

அறைக்குப் போய்ச் சற்றுத் தலைசாய்த்துவிட்டு பிருந்தாவன் தோட்டத்துக்குப் போவதாகத் திட்டம். படுத்தது மதியம் 2 மணி. கண்விழிக்கும்போது தெருவிளக்கு எரிகிறது. காதல் பயணம் என்று புறப்படும் பெற்றோர் பலருக்கு உண்மையில் வேண்டியிருந்தது இந்தத் தூக்கம்தான். படுக்கையைக் கவனிக்கவேண்டும். அவர் ஒரு விளிம்பில், இவர் மறு விளிம்பில். நடுவே இரண்டு பிள்ளைகள் தாராளமாக உருளும் அளவுக்கு இடம், விரிப்பு கசங்காமல்.

ஞாயிறு காலை அரண்மனை. கணவருக்கு இது மூன்றாவது முறை, ஆனால் வழிகாட்டி சொல்லும் கதையை முழுதாகக் கேட்பது இதுவே முதல்முறை. பழைய மர அரண்மனை 1897-இல் எரிந்துபோனது அவருக்கு மனப்பாடம். அதற்குமேல் கேட்டதில்லை, சரியாக அந்த இடத்தில் தம்பிக்கு ஒன்றுக்கு வந்துவிடும். ஹென்றி இர்வின் வரைந்த திட்டப்படி புது அரண்மனை எழுந்து 1912-இல் முடிந்தது என்பதை இப்போதுதான் வெறுங்காலோடு நின்று அறிந்துகொண்டார். "அப்ப 15 வருசம் ஆச்சு பாத்தியா!" என்று வியந்தார். வீட்டுக்கடனையும் 15 வருடத்துக்குத்தான் வாங்கியிருக்கிறார்.

அடுத்து எங்கே? ஊரில் பார்க்க இடமா இல்லை. ஜகன்மோகன் அரண்மனையில் ஓவியங்கள், சாமுண்டி மலைக்கு ஆயிரம் படிகள், யாதவகிரியில் ஆர்.கே.நாராயண் வாழ்ந்த வீடு. ஆனால் கால்கள் தாமாகவே போய் நின்ற இடம் மிருகக்காட்சிசாலை. 1892-இல் சாமராஜேந்திர உடையார் காலத்தில் தொடங்கியது. பிள்ளைகளைக் கூட்டிவராத பெரியவர்கள் அங்கே பொதுவாகக் காதலர்களாகவோ புகைப்படக்காரர்களாகவோ இருப்பார்கள். இவர்கள் இரண்டும் இல்லை.

"இங்க பாரு கண்ணு, ஒட்டகச்சிவிங்கி! கழுத்து எத்தனை நீளம் பாத்தியா?" என்றார் கணவர், கையை நீட்டி.

"பாத்தனுங்க" என்றார் பக்கத்தில் நின்ற மனைவி.

ஜெர்மனியிலிருந்து 2021-இல் வந்த இரண்டு ஆண் கொரில்லாக்களை மனைவி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டும் பசங்களா? எப்படித்தான் மேய்க்கிறாங்களோ" என்று, பார்த்தறியாத காப்பாளருக்காக வருந்தினார்.

ஞாயிறு இரவு ஒரு சிக்கல். அரண்மனை விளக்கலங்காரம் ஞாயிறுகளிலும் அரசு விடுமுறைகளிலும் மாலை 7 மணிவாக்கில்தான். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் திம்பத்தில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை, புலிகள் காப்பகம். போன் போட்டார்கள். பாப்பா எடுத்து, "என்னம்மா, சீக்கிரம் சொல்லு, அவுட் ஆயிருவேன்" என்றாள். இன்னொரு ராத்திரி தங்குவது என்று முடிவாயிற்று. ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பல்புகள் ஒரே நொடியில் எரிந்தபோது, கூட்டம் முழுக்கக் கைப்பேசிகள் உயர்ந்தன. இவர்கள் கைப்பேசியில் மட்டும் சார்ஜ் இல்லை. பிள்ளைகளுக்கு அனுப்பிய ஒட்டகச்சிவிங்கி வீடியோக்கள் தின்றுவிட்டன. வேறு வழியின்றிக் கண்ணாலேயே பார்த்தார்கள்.

திங்கள் காலை, சயாஜி ராவ் சாலையில் குரு ஸ்வீட் மார்ட். மைசூர்பாகை முதலில் கிண்டியவர் என்று சொல்லப்படும் அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பாவின் வழியினர் நடத்தும் கடை. அரைக் கிலோ பெட்டி மூன்று: பாப்பாவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, அப்புச்சி வீட்டுக்கு ஒன்று.

நஞ்சன்கூடு வருவதற்குள் மனைவி ஒரு பெட்டியைப் பிரித்தார். ருசி பார்க்க மட்டும். சாமராஜநகரில் கணவர் கையை நீட்டினார். ஆசனூரில் யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. பங்கு கேட்டு அழ ஆளில்லை, எண்ணிக் கொடுக்க வேண்டியதில்லை. யானைக்குட்டிப் பாட்டு எப்போது நின்று இளையராஜா வந்தார் என்பதும் தெரியவில்லை.

பண்ணாரி சோதனைச்சாவடிக்குச் சற்று முன்னால் வண்டியை ஓரங்கட்டினார்கள். காலிப் பெட்டி அந்த பாலிதீன் கவருக்குள் போயிற்று. கணவர் ஸ்டியரிங்கில் படிந்த நெய்யைத் துடைத்தார். மனைவி அவர் மீசையில் ஒட்டியிருந்த துகளைத் தட்டிவிட்டார்.

"கேட்டா, ரெண்டு பொட்டிதான் வாங்குனோம். சரிங்களா?"

"ரெண்டுதான்" என்றார் அவர்.