எட்டு கிலோவாட் வீரம்

ஜெர்மனியில் ஸ்பிரின்டர் வேன் வாங்கி, நான்கு சக்கரமும் இழுக்கும்படி மாற்றி, கூரைக்கு ஏணி மாட்டி, நார்வேப் பனியைப் பார்க்கக் கிளம்பும் கனவான்கள் உண்டு. ஆற்றில் இறங்கத் தயங்காத இவர்கள் ஹீட்டர் வாங்கும்போதுதான் தடுமாறுகிறார்கள்.

வெபாஸ்டோ, எபர்ஸ்பேக்கர் டீசல் ஹீட்டர்களின் விலையைக் கேட்டாலே உடம்பு சூடாகிவிடும். உடனே மலிவான சீனப் பெட்டி வந்து இறங்கும். அட்டையில் 8 கிலோவாட் என்று கொட்டை எழுத்து. (உள்ளே இருப்பது அவ்வளவுதானா என்பது வேறு விஷயம்.) சூடு கசியாமல் அடைத்த வேனுக்கு 2 கிலோவாட் போதும் என்றால் யார் கேட்கிறார்கள்? கல்யாண அண்டாவில் ஒரு டம்ளர் காபி போடுகிற கதைதான். பெரிய ஹீட்டர் எந்நேரமும் சிறுதீயிலேயே கிடந்து, உள்ளே கரி பிடித்து, புகைந்து, படுத்துவிடும். காற்று மெலிந்த மலை உச்சியில் இன்னும் சீக்கிரம்.

அப்புறம் பொருத்தும் வைபவம். தரைக்கு அடியில் ஒயரும் டேங்க்கும் இருப்பது சிலருக்குத் துளை போட்ட பிறகுதான் நினைவு வரும். டீசல் பம்ப்பை ரப்பர் பிடி இல்லாமல் தகரத்தில் முடுக்கிவிட்டு, விடிய விடிய ‘டிக் டிக்’ கேட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள்.

ஏணிக்குக் காசு கொடுத்த மகராசர்களே, புகைக்குழாயை வேனுக்கு வெளியே ஒழுங்காக விடுங்கள். அந்தப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கான அலாரம் ஒன்றையும் மறக்காமல் வாங்கி மாட்டுங்கள்.