பதினாறில் பதினொண்டு

ஸ்காபரோ,
கனடா.

அன்புள்ள அக்காவுக்கு,



கணக்கு டீச்சரோட தம்பி கனடாவுல நாள் முழுக்க அளவு நாடாவும் கையுமாத் திரியிறான்னு உக்குவளையில யாருக்கும் சொல்லிடாதீங்க. ஓ எல் பரீட்சையில கணிதத்துக்கு வெறும் எஸ் பாஸ் எடுத்தவன்னு அங்க எல்லாருக்கும் தெரியும். "படம் கீறுற பயலுக்குக் கணக்கு எதுக்கு?"ன்னு அப்பா அன்னைக்குச் சமாளிச்சாரே, அதுக்குப் பதில் இங்கதான் கிடைச்சது.

வேலை கல்யாண மணவறை செய்ற இடத்துல. ரெஜிஃபோம்ல மயிலும் யானையும் செதுக்கச் சொன்னா, மாத்தளையில பத்திக் துணிக்கு மெழுகு கீறின கை தானா ஓடுது. அந்த யானையை ஒரு தூண்ல ஏத்தி, தூணை மண்டபக் கூரைக்குக் கீழ நிறுத்தணும்னு வந்தாத்தான் வயிறு கலங்குது.

அளவு விஷயத்துல இந்த நாடே இன்னும் ஒரு முடிவுக்கு வரலக்கா. மெட்ரிக்குக்கு மாறுறதுன்னு 1970ல அறிவிச்சாங்க. 1977ல ரோட்டுப் பலகையெல்லாம் கிலோமீட்டராச்சு. ஆனா ஆளோட உயரம் இன்னும் அடியில, எடை றாத்தல்ல. வெளியில குளிர் செல்சியஸ், கேக் வேகுற அடுப்பு ஃபாரன்ஹீட். கடையில கோழிக்கு றாத்தல் விலையைப் பெரிசா எழுதி வச்சி, பில்லைக் கிலோவுல போடுறாங்க. டூ பை ஃபோர்னு விக்கிற மரத்தை அளந்தா ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கு! காஞ்சி சுருங்கி, சீவினதும் மிஞ்சுறது அவ்வளவுதானாம். நம்ம மரக்காலையில இப்படிச் சொல்லிப் பார்க்கட்டும், மாமா சும்மா விட்டுருவாரா?

உங்க வகுப்புல சொல்ல ஒரு கதை. 1983 ஜூலை 23, ஏர் கனடா விமானம் ஒண்ணு. எண்ணெய் காட்டுற கருவி வேலை செய்யலன்னு கையால கணக்குப் போட்டாங்க. கிலோவுக்குப் போட வேண்டிய இடத்துல றாத்தல் கணக்கு விழுந்திடுச்சு. தேவையானதுல பாதிகூட ஊத்தல. 41,000 அடி உயரத்துல பறக்கும்போதே எண்ணெய் தீர்ந்துவர, ரெண்டு எஞ்ஜினும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நின்னுடுச்சு. கேப்டன் கிளைடர் ஓட்டிப் பழகினவரா இருந்ததால, கிம்லிங்கிற ஊர்ல பழைய விமானப்படை ஓடுபாதையில சறுக்கி இறக்கிட்டார். ஒரு உயிரும் போகல. படிச்சி, லைசென்ஸ் எடுத்த ஆக்களுக்கே இந்தக் கதின்னா எனக்கு எஸ் தந்தது தாராளம்தான்.

பொல்கொல்லையில மகாவலியை மறிச்சி, மலைக்குள்ள ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் சுரங்கத்தை அளவு தப்பாமக் குடைஞ்சி, 1976ல நம்ம உக்குவளை பவர் ஹவுஸுக்குத் தண்ணி கொண்டு வந்தாங்களே. அவங்களை நினைச்சா இப்பதான் கும்பிடத் தோணுது. நான் அளந்திருந்தா தண்ணி வத்தேகமையில போய் வெளிய வந்திருக்கும்.

எனக்குப் பெரிய வில்லங்கம் அங்குலத்துக்குள்ள இருக்கிற சின்னக் கோடுகள். ஒரு அங்குலத்துக்குப் பதினாறு பங்கு. கூட வேலை செய்ற பொடியன் "மூணே காலும், இன்னும் ரெண்டு கோடும்"னு கத்துவான். அவனுக்கும் என் வியாதிதான். ஒரு நாள் நான் கோடுகளை விரலால எண்ணிக்கிட்டு நிக்கிறதை யாழ்ப்பாணத்துத் தச்சு ஐயா ஒருத்தர் பார்த்திட்டார்.

"தம்பி, அதென்ன பதினாறில பதினொண்டு? ஐஞ்சரை நூல் எண்டு சொல்லும்."

அங்குலத்துக்கு எட்டு நூல். அவ்வளவுதான்! நம்ம ஊர் தச்சு பாஸ்மார் வாயில தினமும் கேட்டதுதானே? கோவிக்காதீங்க அக்கா, நீங்க தொகுதி, பகுதின்னு கரும்பலகையில எழுதினப்போ என் மண்டைக்குள்ள ஒண்ணும் நிக்கல. நூல்னதும் கண்ணுக்குத் தெரியுது. இப்ப "ஆறரை நூல்"னு நானே அதிகாரமாச் சொல்றேன். பக்கத்துல நிக்கிற வெள்ளைக்காரப் பொடியனும் "நூல்"னு தலையாட்டப் பழகிட்டான்.

அப்பாவுக்குக் குளிர் கோட்டு வாங்கி அனுப்ப அளவு கேட்டிருந்தேன். "நெஞ்சு அஞ்சு சாண், கை மூணு சாண்"னு எழுதியிருக்கீங்க. கணக்கு டீச்சர் எழுதுற அளவா இது? அது யாரோட சாண்? அம்மாவோடதுன்னா கோட்டு எனக்குக்கூடப் பத்தாது. சென்டிமீட்டர்ல எழுதி அனுப்புங்க, மிச்சத்தைத் தச்சு ஐயாகிட்ட கேட்டுக்கிறேன்.

அன்புத் தம்பி