ஒன்பது கோயில், ஒரே நாள், ஒரு பட்டுக் கடை

நவக்கிரகச் சுற்றுலா நிறுவனத்தின் மேலாளர் அவர்களுக்கு,

'ஒரே நாளில் ஒன்பது கிரகங்களும்' என்ற தங்கள் நோட்டீஸை நம்பி, சனிக்கிழமை விடியற்காலை கும்பகோணத்தில் வண்டி ஏறிய பயணி எழுதிக்கொள்வது. குரு பகவான் ஒரு சுற்று வர 12 ஆண்டு எடுத்துக்கொள்கிறார்; சனி பகவானுக்கு ஏறக்குறைய 30. ஒன்பது பேரையும் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடும் தங்கள் வேகத்தை அவர்கள் என்றைக்கு எட்டுவார்களோ!

சந்திரனின் திங்களூர் மேற்கே திருவையாற்றுப் பக்கம். புதனின் திருவெண்காடும் கேதுவின் கீழப்பெரும்பள்ளமும் கிழக்கே பூம்புகாரை ஒட்டி. பெரும்பாலான கோயில்களில் பகல் 1 மணிக்குள் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். தங்கள் அட்டவணையிலோ 2.15-க்கு வைத்தீஸ்வரன்கோயில் தரிசனம்! அங்கே திறந்திருந்தவை நாடி ஜோதிட நிலையங்கள்தான். "கோபுர தரிசனம் கோடி புண்ணியம்" என்று கைடு தம்பி மைக்கில் தேற்றினார்.

சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நள தீர்த்தத்தில் முழுகி, ஈரத்துணி மாற்றி, வரிசையில் நின்று திரும்ப எங்களுக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம். பக்கத்து சீட்டுப் பாட்டி தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டதோடு சரி. பிரிக்காத எள் பொட்டலத்தைக் கைடின் கையில் திணித்தார்: "நீயே வச்சுக்க தம்பி, இப்ப உனக்குத்தான் சனி."

ராகு காலத்தில் திருநாகேஸ்வரத்தில் பாலபிஷேகம், பால் நீலமாவதைக் கண்ணாரக் காணலாம் என்றும் அச்சடித்திருந்தீர்கள். சனிக்கிழமை ராகு காலம் காலை 9 முதல் 10.30 வரை. அந்த ஒன்றரை மணி நேரமும் நாங்கள் திருபுவனத்தில் ஒரு பட்டுக் கடையில் இருந்தோம். ஆலங்குடி குருவுக்குக் கால் மணி நேரம்தான். பத்தாவதாக ஒரு கிரகம் இருப்பதை நோட்டீஸில் போடாதது தங்கள் அடக்கம்.

ஆகவே, வண்டிகளை வகை பிரித்து விடும்படி கேட்டுக்கொள்கிறேன். கும்பகோணத்தில் ஒரு ராத்திரி தங்க வைத்து, இரண்டு நாளில் நிதானமாகக் காட்டும் வண்டி ஒன்று விடுங்கள். கட்டணம் கூடினால் கூடட்டும். எந்தக் கோயிலில் எத்தனை நிமிஷம், நடை சாத்திய நேரத்தில் வண்டி எங்கே நிற்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முட்டிவலிக்காரர்கள் அதில் ஏறிக்கொள்வார்கள். ஜோசியர் சொன்ன ஒரே ஒரு கிரகத்துக்காக வருகிறவருக்கு டூரே வேண்டாம். ராகுவென்றால் திருநாகேஸ்வரத்துக்கு டவுன் பஸ்ஸே போகிறது. இப்போது ஓடுவதற்குக் 'கோபுர தரிசன வண்டி' என்று பெயர் வைத்துவிடலாம். யாரும் இறங்க வேண்டாம், செருப்புத் தொல்லை இல்லை. ஒன்பதென்ன, பதினெட்டுக் கோயில்கூடக் காட்டலாம்.

பட்டுக் கடை வண்டி என்று தனியாக ஒன்று விட்டால், அதற்குப் பயணிகளிடம் காசு வாங்காதீர்கள். அதைக் கடைக்காரர் கொடுத்துவிடுவார் என்கிறார் பாட்டி.

இப்படிக்கு,
ஜன்னலோர சீட்டுக்குப் பணம் கட்டி, இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்து வந்த பயணி