இரண்டு புள்ளியின் திக்விஜயம்

உலகத்து வெப் சர்வர்களை எல்லாம் படையெடுத்து வென்ற மாவீரன் ஒருவன் உண்டு. கை கிடையாது, கால் கிடையாது, வாளும் கிடையாது. உடம்பே இரண்டு புள்ளிதான்: '..'

அவன் வளர்ந்தது அமெரிக்காவின் பெல் லேப்ஸில், கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் கட்டிய யூனிக்ஸ் வீட்டில். சாதுவான பிள்ளை. உள் ஃபோல்டரில் நிற்பவர் ஒரு படி மேலே போகவேண்டும் என்றால் கூட்டிக்கொண்டு போவான், அவ்வளவுதான் வேலை. மெஷினைத் தொடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தவர்கள். யார் எந்த அறைக்குள் போனாலும் பஞ்சாயத்து இல்லை.

1990களில் வெப் வந்தது. ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் வாசலில் நின்று, "இந்தக் கோப்பைக் கொடு" என்று கேட்கலாம் என்றாயிற்று. சர்வர் தன் பொது ஃபோல்டரின் பெயரோடு கேட்ட பெயரை ஒட்டி, கிடைத்ததை எடுத்து நீட்டும். பெயருக்கு முன்னால் நாலைந்து '../' போட்டுக் கேட்டால்? நம் வீரன் படிப்படியாக ஏறி, பொது ஃபோல்டரைத் தாண்டி, கடவுச்சொற்கள் தூங்கும் அறைவரை போய்விடுவான். பாத் டிராவர்சல் என்ற கலை இதுதான்.

காவல் போட்டார்கள். '../' வந்தால் விரட்டு என்று கட்டளை. காவலர் கடமை தவறாதவர். ஆனால் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு முகம் மட்டும்.

மாறுவேஷத்துக்குத் துணி கொடுத்தவரும் கென் தாம்ப்ஸனே என்பதுதான் விதியின் குசும்பு. 1992இல் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் சக ஊழியர் ராப் பைக்கோடு சாப்பிடப் போனவர், மேஜையில் விரித்திருந்த தாளில், எழுத்துகளை பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையைக் கிறுக்கினார். வெப்பில் தமிழ் உட்பட எல்லா மொழிகளும் இன்று பெரும்பாலும் அதன் தயவில்தான் ஓடுகின்றன. அதில் ஒரு சந்து இருந்தது. ஒரே பைட்டில் முடிய வேண்டிய எழுத்தை இரண்டு பைட்டாக நீட்டி முழக்கியும் எழுதிவிடலாம். முறைகேடுதான். 1998 ஜனவரியில் வந்த, யூடிஎஃப்-8இன் விதிகளைச் சொல்லும் ஆர்.எஃப்.சி. 2279 என்ற ஆவணம், '/../' இப்படி வேஷம் மாற்றிக்கொண்டு உள்ளே நுழையலாம் என்று உதாரணத்தோடு எச்சரித்தது. படித்தவர்கள் புண்ணியவான்கள்.

மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வருக்கு அந்தப் புண்ணியம் வாய்க்கவில்லை. 2000 அக்டோபரில் வீரன் சாய்கோட்டுக்குப் பதில் '%சி0%ஏஎஃப்' என்று எழுதிக்கொண்டு வந்தான். காவலர் பார்த்தார், சாய்கோடு எதுவும் இல்லை, வணக்கம் சொல்லி அனுப்பினார். உள்ளே போனதும் சர்வர் அதைச் சாய்கோடாகவே வாசித்தது. இந்த ஓட்டையையும் சேர்த்து அடைக்கும் பேட்ச், வேறொரு சிக்கலுக்கென்று ஆகஸ்டிலேயே வெளிவந்திருந்தது. போட்டுக்கொள்ளத்தான் பலருக்கு நேரமில்லை.

2001 மே மாதம் அடுத்த வேஷம்: '%255சி'. ஒருமுறை பிரித்தால் '%5சி', இன்னொரு முறை பிரித்தால் பின்சாய்கோடு. ஐஐஎஸ் ஒருமுறை பிரித்தது, சோதித்தது, 'சுத்தம்' என்று முத்திரை குத்தியது, பிறகு ஆற அமர இன்னொரு முறை பிரித்தது. செப்டம்பர் 18 அன்று கிளம்பிய நிம்டா புழு இரண்டு வேஷங்களையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தது. சர்வருக்குள் ஏறி, விண்டோஸின் கட்டளைத் திரையை எழுப்பி, தன் பிரதியை அதைக் கொண்டே டவுன்லோட் செய்ய வைத்தது. திருடனுக்குத் தானே சோறு பொங்கிப் போட்டன சர்வர்கள்.

அப்பாச்சி என்ற இன்னொரு வெப் சர்வரின் முகாமுக்கும் முறை வந்தது, இருபது வருஷம் கழித்து. 2021 செப்டம்பரில் வந்த 2.4.49 பதிப்பில், பாதையைச் சீராக்கும் நிரலையே சீராக்கினார்கள். இரண்டாவது புள்ளியை மட்டும் '%2ஈ' என்று எழுதியதும் வீரன் உள்ளே. அக்டோபர் 4ஆம் தேதி 2.4.50 வந்தது. அதற்கு '%%32%65' என்று முக்காட்டுக்கு மேல் முக்காடு. 7ஆம் தேதி 2.4.51 வந்துதான் கதவைச் சாத்தியது. 'எல்லாருக்கும் தடை' என்ற வரியை அமைப்புக் கோப்பில் அழிக்காமல் விட்ட சோம்பேறிகள் தப்பினார்கள்.

மூன்று போரிலும் தோற்ற விதம் ஒன்றே: சோதனை முதலில், வாசிப்பு பிறகு. முழுக்கப் பிரித்து, கோப்பின் அசல் பாதையைக் கண்டுபிடித்து, அது பொது ஃபோல்டருக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பார்த்தபின் மறுபடி பிரிக்கக் கூடாது. கேட்பவரிடம் பெயரே வாங்காமல், கோப்புக்கு ஓர் எண் கொடுத்துவிடுவது இன்னும் உத்தமம்.

2024 மே மாதம் எஃப்.பி.ஐ.யும் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் சேர்ந்து மென்பொருள் நிறுவனங்களுக்கு ஓர் எச்சரிக்கை விட்டன. 2007இலிருந்தே 'மன்னிக்க முடியாதது' என்று பெயரெடுத்த பிழையாயிற்றே, இனியாவது ஒழியுங்கள் என்றன. கொலை, கொள்ளை, உளவு என்று பார்த்த எஃப்.பி.ஐ., கடைசியில் இரண்டு புள்ளியைப் பிடிக்கவும் ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று.