கார்வெட்டுக்காரரும் புது மாடலும்

மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, நாலைந்து மென்துணிகள், முட்டியோடு நின்றுவிடும் ஜீன்ஸ், பளிச்சென்ற வெள்ளை ஷூ. இவ்வளவும் ஒரே ஆளிடம் இருந்து, அவருக்கு வயதும் அறுபதைத் தாண்டியிருந்தால், பக்கத்தில் ஒரு செவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் நின்றே தீரும். அமெரிக்காவில் ஒஹாயோ, இந்தியானா, கென்டக்கி பக்கம் கோடைக்கால ஞாயிறு காலைகளில் இப்படிப் பத்துப் பேராவது வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். வண்டியில் தூசி விழுந்தால் நம்மாள் எழுந்து ஒற்றியெடுப்பார். துடைக்க மாட்டார், துடைத்தால் கீறல் விழும். குழந்தைகள் கிட்டே வந்தால் சிரிப்பார். குழந்தையின் கையில் ஐஸ்கிரீம் இருந்தால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

எதிரே இன்னொரு கார்வெட் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து கையைத் தூக்கிக் காட்டுவது இவர்கள் குலவழக்கம். பதிலுக்குக் கை தூக்காதவன் வண்டியை வாடகைக்கு எடுத்து வந்தவன் என்று முடிவு கட்டிவிடுவார்.

மற்றபடி நல்ல மனிதர். புது மாடல் வரப்போகிறது என்று சேதி கசியும்வரை.

சோதனை ஓட்டத்துக்கு விடுகிற வண்டியைக் கம்பெனிக்காரர்கள் சும்மா விடுவதில்லை. கறுப்பும் வெள்ளையுமாகச் சுழி சுழியாக அச்சடித்த உறையைச் சுற்றி, வடிவமே தெரியாமல் மூட்டைகட்டித்தான் சாலைக்கு அனுப்புவார்கள். அந்த மூட்டையை யாரோ தூரத்திலிருந்து எடுத்த மங்கல் படம் ஒன்று இவருக்குப் போதும். புது மருமகளைப் பார்க்க வந்த பெரியத்தை மாதிரி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, முன்னே பார்த்து, பின்னே பார்த்து, மூன்று வார்த்தை பேசுவார்: “போச்சு. கெடுத்துட்டானுங்க. எல்லாத்தையும்.”

2019 ஜூலை 18 அன்று கலிஃபோர்னியாவில் எட்டாம் தலைமுறை கார்வெட்டை மேடையேற்றியபோது அவருக்கு நேர்ந்தது சாதாரண வருத்தம் இல்லை. 1953-இல் கார்வெட் பிறந்த நாளிலிருந்து இன்ஜின் முன்னால்தான் இருந்தது. நீண்ட மூக்கு, அதற்குள் இன்ஜின், அதற்குப் பின்னால் கிட்டத்தட்டப் பின்சக்கரத்தின் மேலேயே ஓட்டுபவர். அதுதான் கார்வெட். இப்போது இன்ஜினைத் தூக்கி அவர் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். “இது ஃபெராரி மாதிரி இருக்கு” என்றார். குற்றச்சாட்டாகத்தான் சொன்னார். ஃபெராரி விலையில் ஒரு துண்டைக் கொடுத்து ஃபெராரி வேகத்தை வாங்கலாம் என்று நாற்பது வருஷமாக ஊரெல்லாம் வாதாடியவர், வண்டியின் முகமும் அப்படியே வந்து நின்றதும் கோபித்துக்கொண்டார். வேகத்தில் ஒப்பிடலாம், சாயலில் ஒப்பிடக்கூடாது போலிருக்கிறது.

அடுத்த அடி கியரில் விழுந்தது. கிளட்ச் மிதித்துக் கையால் கியர் போடும் வண்டியே இனி கிடையாது, எட்டு வேக இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் என்றார்கள். பெரியவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “மூணு பெடல் இல்லாத கார்வெட் ஒரு கார்வெட்டா?” நியாயமான கேள்விதான். ஆனால் அவர் ஷெட்டில் நிற்பது ஆட்டோமேட்டிக். முட்டிவலி. இதில் அவர் தனியாள் இல்லை. முந்தைய தலைமுறையின் கடைசி ஆண்டுகளில் விற்ற வண்டிகளில் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக்தான். மக்கள் கிளட்சை நேசித்தார்கள், வாங்கத்தான் இல்லை.

இதிலே இன்னொரு வேடிக்கை. 1953-இல் மிஷிகனின் ஃபிளின்ட் நகரில் கையால் கட்டிய முதல் கார்வெட்டுகள் மொத்தம் 300. எல்லாம் வெள்ளை, உள்ளே எல்லாம் சிவப்பு. அந்த முந்நூறிலும் ஒன்றில்கூட கிளட்ச் பெடல் கிடையாது. ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு இரண்டே வேக ஆட்டோமேட்டிக். வி-8 இன்ஜினும் கை கியரும் வர 1955 ஆயிற்று. மூலவருக்கே மூன்றாவது பெடல் இல்லை என்று எடுத்துச் சொன்னால், “அது வேற காலம்” என்று அவர் பாலிஷ் டப்பாவைத் தேடப் போய்விடுவார்.

ஷெட் சுவரில் ஜோரா ஆர்க்கஸ்-டன்டோவ் படம் மாட்டியிருப்பார். கார்வெட்டைப் பந்தயக் காராக உருமாற்றிய பொறியாளர், 1996-இல் காலமானார், அவருடைய அஸ்தி கென்டக்கியில், பௌலிங் கிரீன் நகரத்துக் கார்வெட் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. இன்ஜினை ஓட்டுபவருக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள் என்று கம்பெனியிடம் பல வருஷம் மன்றாடியவர் அந்த டன்டோவ்தான். 1960-லேயே அப்படியொரு சோதனை வண்டியைக் கட்டியும் காட்டினார். படத்துக்குக் கீழே நின்றுகொண்டுதான் நம்மாள் புது வண்டியைத் திட்டுவார். சாமி படத்தை மாட்டியவர்கள் எல்லாம் சாமி சொன்னதைக் கேட்டுவிட்டார்களா என்ன?

ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு ஒப்பாரி உண்டு. 1984-இல் மீட்டர் முள்களை எடுத்துவிட்டு எண்கள் ஒளிரும் பலகை வைத்தார்கள். வீடியோ கேம் என்றார்கள். (அதில் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்பது என் கட்சி.) 1963 முதல் 2004 வரை கண்மூடித் திறந்துகொண்டிருந்த ஹெட்லைட்டுகளை 2005 மாடலில் கண்ணாடிக்குள் திறந்தபடியே விட்டுவிட்டார்கள்; வெட்கம் கெட்ட வண்டி என்றார்கள். 2013 ஜனவரியில் ஏழாம் தலைமுறை வந்தபோது, வட்டமாக இருந்த டெயில் லைட்டுகளுக்கு மூலை முளைத்திருந்தது. அதே செவர்லேயின் கமாரோ கார் விளக்கைக் கொண்டுவந்து கார்வெட்டில் ஒட்டிவிட்டான் என்று அப்போது எழுந்த கூக்குரல் கொஞ்சநஞ்சமல்ல. எட்டாம் தலைமுறை வந்த பிறகு அதே ஏழாம் தலைமுறை “கடைசி அசல் கார்வெட்” ஆகிவிட்டது. மூலை முளைத்த அதே விளக்குகளோடுதான்.

இந்தக் குடும்ப வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்தது 1963-இன் பின்கண்ணாடி. அந்த ஒரே ஆண்டு, கூரையின் நடுமுதுகு ஒரு பட்டையாகக் கீழிறங்கி, பின்கண்ணாடியை இரண்டாகப் பிளந்தது. வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செலுக்கு அந்தப் பட்டை உயிர். டன்டோவுக்கு ஆகவே ஆகாது. பின்னால் வருவது தெரியவில்லை என்று சண்டை போட்டார். 1964-இல் பட்டை போய் ஒற்றைக் கண்ணாடி வந்தது. அதைப் பார்த்த 1963 வண்டிக்காரர்கள் சிலருக்குத் தூக்கம் போயிற்று. தங்கள் வண்டி போன வருஷத்து வண்டி என்பது பின்னால் வருகிறவனுக்கெல்லாம் தெரிகிறதே! மெக்கானிக்கிடம் காசு கொடுத்து நடுப்பட்டையை அறுத்து எறிந்து, ஒற்றைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். இன்றைக்குக் கார்வெட் பைத்தியங்கள் விலை பார்க்காமல் தேடி அலையும் வண்டிகளில் ஒன்று, பிளந்த கண்ணாடி பிளந்தபடியே இருக்கும் 1963.

சரி, எட்டாம் தலைமுறைக்கு வருவோம். பெரியவர் ஒரு நாள் ஷோரூமுக்குப் போனார். “சும்மா பார்க்கத்தான்” என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனார். முதலில் பின் டிக்கியைத் திறக்கச் சொன்னார். இரண்டு கோல்ஃப் பைகள் உள்ளே போயின. கொஞ்சம் முகம் தெளிந்தது. உள்ளே உட்கார்ந்ததும் இரு இருக்கைகளுக்கும் நடுவே சுவர் எழுப்பியதுபோல ஏசி பொத்தான்கள் நீள வரிசையாக இறங்கி வருவதைப் பார்த்து மறுபடி முகம் சுளித்தார். பிறகு ஓட்டிப் பார்த்தார். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை மூன்று விநாடிக்குள் தொடும் வண்டி அது. இறங்கிய பிறகு கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. ஆரம்ப விலை 59,995 டாலர் என்றபோதும் பேசவில்லை.

“முன்பணம் கட்டிட்டு வந்துட்டீங்களா?” என்று கேட்டார் மனைவி. அவர் இதற்குமுன் மூன்று தலைமுறை ஒப்பாரியைப் பார்த்தவர்.

அதன்பிறகு ஆளே மாறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாற்காலி இப்போது புது வண்டிக்குப் பின்னால். இன்ஜின் முன்னால் இருந்தால் எடை எப்படி மூக்கில் உட்காரும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறார். பழைய வண்டிக்காரர் ஒருவர் கிளட்ச் பேச்சை எடுத்தால், “ஒரு தடவை ஓட்டிப் பாரு தம்பி” என்கிறார், பரிதாபத்தோடு. 2026 மாடலில் அந்தப் பொத்தான் சுவரை எடுத்துவிட்டு, உள்ளே மூன்று திரைகளை வைத்தார்கள். கேட்டதும் தன் வண்டியின் பொத்தான் வரிசையைத் தடவிக்கொண்டே, கையுறை போட்ட விரலுக்கு இதைவிட வசதி உண்டா என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்.

நீங்கள் அந்தப் பக்கம் போய் இப்படி ஒருவரைச் சந்திக்க நேர்ந்தால், வண்டியில் சாய வேண்டாம். எந்த வருஷ மாடல் என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் கையில் இருந்தால் மட்டும் கேளுங்கள். 1963 பின்கண்ணாடியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள். ரம்பம் பிடித்தது அவருடைய அப்பாவாகவே இருக்கலாம்.