இருபது வளைவும் ஒரு கேபிளும்

"எங்கிருந்தும் நிர்வகிக்கலாம்" என்று சொல்லித்தான் நெட்வொர்க் ஸ்விட்சை விற்கிறார்கள். ஏற்காட்டிலும் அது உண்மைதான், ஸ்விட்ச் விழித்திருக்கும் வரை. சேர்வராயன் மலையில் இடி இடித்து மின்சாரம் போய்ப்போய் வந்து, ஃபிளாஷில் இருந்த இயங்குதளக் கோப்பு சிதைந்துவிட்டால், பெட்டி பூட்லோடரைத் தாண்டாது. பிறகு அது பேசுவது கன்சோல் கேபிளோடு மட்டுமே. அந்தக் கேபிளோ சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டும். புதுக் கோப்பை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாமே என்றால், இணையம் வந்துகொண்டிருந்ததே இந்தப் பெட்டி வழியாகத்தான்.

பழைய மாடல்களில் கோப்பை ஏற்ற மிஞ்சுவது எக்ஸ்மோடம் என்ற கோப்பு அனுப்பும் நெறிமுறை, 1977-இல் பிறந்தது. வழக்கமான 9600 பாட் வேகத்தில் விநாடிக்கு 960 பைட்டுக்கு மேல் போகாது. 20 எம்பி கோப்புக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். அதற்குள் பஸ் சேலம் போய்த் திரும்பிவிடும். நடுவில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஏற்காட்டு மின்சாரத்துக்கு இது தெரியும். வேகத்தை 115200 ஆக்கினால் அரை மணி நேரம்தானே என்பார்கள். சரிதான். புதிய பெட்டிகளில் யுஎஸ்பி உண்டே என்பார்கள். அதுவும் சரி, ஆனால் பென் டிரைவைச் செருகவும் ஒரு கை வேண்டும். உதிரி ஸ்விட்சை மேலேயே வைக்கலாம்தான். அதற்குக் கையெழுத்திட வேண்டியவரின் ஸ்விட்ச் அடிவாரத்தில் நன்றாக ஓடுகிறது.